ஜக் நிற்க ஓர் இடம்

மாரி காலத்தில் தோப்பூர்ப் பக்கம் போய் வந்தவர்களுக்கு அந்தச் சேற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மகாவலி கங்கை கொட்டியாரக் குடாவில் கலக்குமுன் பல கிளைகளாகப் பிரிந்து, காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அது. நெல்லுக்கு நல்லது, வாகனத்துக்கு ஆகாது. 2009ஆம் ஆண்டு கிண்ணியாப் பாலமும், பின்னர் தெற்கே உள்ள ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டதிலிருந்து, ஆற்றங்கரையில் 'பாதை' வரும்வரை காத்திருக்கும் காலம் போயிற்று. ஆனால் பெரிய வீதியை விட்டு இறங்கி வயல்வெளிக்குப் போகும் கடைசி இரண்டு மூன்று மைல் தூரம் இன்றும் கிரவலும் களியும்தான்.

2019ஆம் ஆண்டு மார்கழி மாதம், வெள்ளம் வடிந்த கையோடு, பயிர்ச் சேதத்தைப் பார்ப்பதற்காக எமது பழைய லாண்ட் றோவரில் அந்த வழியால் போனோம். வாய்க்கால் ஓரத்தில் பின் இடது சில்லுக்குக் காற்றுப் போயிற்று. சில்லு ஏற்கெனவே பாதி புதைந்திருந்தது. அச்சின் கீழ் ஜக்கை வைக்க இடமில்லை. மண்ணை வெட்டி, எங்கோ கிடந்த அரைச் சீமெந்துக் கல்லைப் போட்டு, அதன்மேல் போத்தல் ஜக்கை நிறுத்தி, செசியின் ஓரத்தில் முட்டுக்கொடுத்துத் தூக்கினோம். கைபிரேக்கை இழுத்திருந்தோம். கியரிலும் போட்டிருந்தோம். சில்லு நிலத்தை விட்டு எழும்பிய அந்தக் கணத்தில் வாகனம் ஒரு சாண் முன்னே நகர்ந்தது. ஜக் சரிந்தது. உதவிக்கு வந்த பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவரின் இடது கை சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் இருந்தது.

அவ்வழியால் வந்த உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி அவரை மூதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கை தப்பிற்று, இரண்டு விரல்கள் பழைய நிலைக்கு வரவில்லை. இன்று அவர் உழவு இயந்திரம் ஓட்டுகிறார். ஆனால் சட்டைப் பொத்தானைப் பூட்ட வலது கை மட்டும்தான். பிழை வாகனத்தில் இல்லை, அவரிலும் இல்லை; எம்மில்தான்.

மறுநாள் வாகனத்தைப் பார்த்த வெல்டிங் பாஸ் ஒருவர் செசியின் கீழே ஏற்பட்டிருந்த நெளிவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜக்கில பிழையில்ல தம்பி. அதுக்கு இருக்க இடமில்ல. மேலயும் இல்ல, கீழயும் இல்ல."

இந்தக் கட்டுரை அந்த இரண்டு இடங்களையும் பற்றியது.

ஜீப்பின் பலம் எங்கே இருக்கிறது?

எமது மக்கள் நான்கு சில்லும் இழுக்கும் எந்த வாகனத்தையும் 'ஜீப்' என்றே சொல்வார்கள். 1941 முதல் அமெரிக்க இராணுவத்துக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் வண்டியிலிருந்து பரவிய பெயர் அது. அந்த ஜீப்பைப் பார்த்தே இங்கிலாந்தில் லாண்ட் றோவரை உருவாக்கினார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது. போர் முடிந்த அக்காலத்தில் அங்கே உருக்குத் தட்டுப்பாடு நிலவியபடியால், உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தார்கள். அடிச் சட்டமாகிய செசி மட்டும் இரும்புத் தகடுகளை ஒட்டிச் செய்த பெட்டி வடிவம். பின்னர் டிஃபென்டர் என்று பெயர் பெற்று 2016 தை மாதம் உற்பத்தி நிற்கும்வரை இந்த அமைப்பு பெரிதும் மாறவில்லை.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. இவ்வகை வாகனத்தின் பலம் முழுவதும் செசியில்தான் உள்ளது. கதவுக்குக் கீழே ஓடும் பட்டையில் ஜக்கை வைத்தால் அது தகரம்போல் மடியும். செசியும் எல்லா இடத்திலும் ஒரே பலமுடையதல்ல. பழைய லாண்ட் றோவர்ச் செசியின் பக்கத் தகடு 2 மில்லிமீற்றர் அளவே தடிப்பானது. பெட்டியாக மடித்து ஒட்டியிருப்பதால் முழு வண்டியையும் சுமக்கிறது. ஆனால் ஜக்கின் தலைபோல் ஒரு சிறு புள்ளியில் முழுப் பாரமும் அமுக்கினால் நெளிந்துவிடும். எமக்கு நேர்ந்தது அதுவே.

இன்னொரு எதிரி துரு. கடலோரத்து உப்புக் காற்றும் வயற் சேறும் சேர்ந்தால், செசி பெரும்பாலும் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வெளியே மை பூசி அழகாக இருக்கும். உள்ளே ஒன்றும் இராது. பின் குறுக்குச் சட்டமும், உடலைத் தாங்குவதற்காகச் செசியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளும் முதலில் கெடும் இடங்கள். சிறு சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு 'டங்' என்று சொல்லும். துருப்பிடித்த இடம் மந்தமாகச் சத்தமிடும். சில வேளை சுத்தியலே உள்ளே போய்விடும். அப்படியானால் முதலில் செசியைத் திருத்த வேண்டும். கெட்ட சுவரில் புது ஆணி அடித்துப் பயனில்லை.

மேலே ஓர் இடம்

நாம் அந்தப் பாஸுடன் இருந்து செய்த வேலையைச் சொல்கிறோம். செசியின் இரு பக்கமும், முன் சில்லுக்குச் சற்றுப் பின்னால் ஒன்றும், பின் சில்லுக்குச் சற்று முன்னால் ஒன்றுமாக, நான்கு குட்டைக் கைகளைப் பொருத்தினோம். ஒவ்வொரு கையும் 60 மில்லிமீற்றர் சதுரப் பெட்டிக் குழாய். 5 மில்லிமீற்றர் தடிப்பு. ஒன்றின் பாரம் ஏறத்தாழ 4 கிலோ. இரண்டு நாள் வேலை. பின்வருவனவற்றில் கவனமாக இருந்தோம்.

1. இடம். குறுக்குச் சட்டம் செசியுடன் சேரும் இடத்துக்கு எவ்வளவு அண்மையில் வைக்கலாமோ அவ்வளவு நல்லது. கையின் நுனியில் பாரம் ஏறும்போது அது செசியை முறுக்கப் பார்க்கும். குறுக்குச் சட்டம் அந்த முறுக்கைத் தாங்கிக்கொள்ளும். எண்ணெய்த் தாங்கி, பிரேக் குழாய், புகைக் குழாய் என்பவற்றுக்குக் கீழேயோ அவற்றை ஒட்டியோ வைக்கவே கூடாது.

2. நீளம். கை நீண்டால் ஜக் வைக்க வசதிதான். ஆனால் நீளம் இரு மடங்கானால் முறுக்கும் இரு மடங்காகும். ஆகவே நுனி உடலின் விளிம்புக்குச் சற்று உள்ளேயே நிற்கும்படி அளவெடுத்தோம். கையின் கீழே முக்கோணத் தகடு ஒன்றையும் முட்டுக்கொடுத்தோம்.

3. அடித் தகடு. கையை நேரடியாகச் செசியில் ஒட்டவில்லை. 6 மில்லிமீற்றர் தடிப்பும், 15 சென்ரிமீற்றர் உயரமும், 20 சென்ரிமீற்றர் நீளமும் கொண்ட தகட்டை முதலில் வைத்து, அதன்மேல் கையை ஒட்டினோம். பாரம் அந்தப் பரப்பு முழுவதும் பரவும். தகட்டின் மூலைகளை வட்டமாக்கினோம்; கூர் மூலையில்தான் வெடிப்புத் தொடங்கும். தகட்டைச் செசியில் ஒட்டும்போது செசியின் நீளப்பாட்டுக்கே வெல்டிங் ஓட வேண்டும். குறுக்காக மேலிருந்து கீழ்வரை ஒரு கோடு இழுத்தால், பின்னொரு நாள் செசி அந்தக் கோட்டிலேயே முறியலாம்.

4. போல்ட் போடுவதானால். செசிக்கு ஊடாகத் துளைத்து 12 மில்லிமீற்றர் உயர்தரப் போல்ட் போடலாம். ஆனால் செசி உள்ளே வெறும் பெட்டி. இறுக்க இறுக்கச் சுவர்கள் இரண்டும் உள்ளே மடியும். ஒவ்வொரு போல்டுக்கும் செசியின் அகலத்துக்குச் சரியாக வெட்டிய குழாய்த் துண்டொன்றை உள்ளே வைத்த பின்னரே இறுக்க வேண்டும். செசி எண் பொறித்த இடத்தில் வெட்டவோ, துளைக்கவோ, ஒட்டவோ வேண்டாம்.

5. நுனி. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. தட்டையான இரும்பின் கீழே தட்டையான ஜக் நின்றால் வழுக்கும். ஆகவே கையின் அடியில் ஒரு வளையம் ஒட்டினோம். போத்தல் ஜக்கின் தலை அதற்குள் ஓர் அங்குலம் போய் இருந்துகொள்ளும். வெளி நுனியில், உயர ஜக்கின் மூக்கு நுழைந்து நிற்பதற்கு இரு பக்கமும் காது வைத்த தவாளிப்பு ஒன்றைச் செய்தோம். வாகனம் சற்றுச் சரிந்தாலும் ஜக் விலகாது.

வெல்டிங் தொடங்குமுன் பற்றரியின் இரு வயர்களையும் கழற்ற வேண்டும். மின் பிறப்பாக்கியின் வயரையும் கழற்றுவது நல்லது. எண்ணெய்த் தாங்கி அருகில் இருந்தால் அதை இறக்கித் தூரத்தில் வைக்க வேண்டும். "தாங்கி காலிதானே" என்று சிலர் சொல்வார்கள். காலித் தாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். நிறைந்த தாங்கியிலும் பார்க்க அது ஆபத்தானது. பக்கத்தில் தண்ணீரும் ஈர மணலும் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும் மை பூச அவசரப்படாதீர்கள். நல்ல தரையில், வெறும் வாகனத்தை ஒவ்வொரு கையிலும் தூக்கி, தாங்கிக் கட்டைகளும் வைத்து, கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். இறக்கியபின் வெல்டிங் மேல் மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்குத் தூளைத் தூவுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் ஊறி வந்து தூளில் கோடாகத் தெரியும். கோடு இல்லையென்றால் மை பூசலாம்.

கீழே ஓர் இடம்

மேலே எவ்வளவு பலமாகச் செய்தாலும் கீழே சேறு என்றால் வாகனம் மேலே போகாது. ஜக் கீழே போகும். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஆட்களும் சாமானும் ஏறிய வாகனத்தின் பின் மூலை ஒன்றைத் தூக்கும்போது ஏறத்தாழ 700 கிலோ ஜக்கின்மேல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜக்கின் அடி ஏறத்தாழ 180 சதுர சென்ரிமீற்றர். அப்படியானால் ஒரு சதுர சென்ரிமீற்றரில் ஏறக்குறைய 4 கிலோ. ஈர வயல் மண் இதைத் தாங்காது. அதே ஜக்கை 40 சென்ரிமீற்றர் சதுரப் பலகையில் வைத்தால் பரப்பு 1,600 சதுர சென்ரிமீற்றர். பாரம் அரைக் கிலோவுக்கும் குறைவு. காலை வைத்தால் புதையும் சேற்றில் பலகையைப் போட்டு அதன்மேல் நடப்பதுபோலத்தான்.

பலகை இரண்டு அங்குலத் தடிப்பாவது இருக்க வேண்டும். மெல்லிய பலகை நடுவில் வளைந்தால் அதன் பரப்பு வீண். நாம் முதிரைப் பலகைகளை இரண்டு அடுக்காக, ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக வைத்துப் போல்ட் போட்டோம். தூக்க வசதியாக ஒரு கயிற்றுக் கைபிடியும் கட்டினோம். அது இப்போது பின் இருக்கையின் கீழேயே கிடக்கிறது.

சீமெந்துக் கல், செங்கல் என்பவற்றை ஜக்கின் கீழும் வைக்க வேண்டாம், செசியின் கீழும் வைக்க வேண்டாம். மரம் முறியுமுன் முனகும். கல் சொல்லாமல் நொறுங்கும்.

கைபிரேக் ஏன் பிடிக்கவில்லை?

கைபிரேக் இழுத்த வாகனம் எப்படி நகர்ந்தது என்று எம்மிடம் பலர் கேட்டார்கள். நாமும் எம்மைக் கேட்டோம். பதில் வாகனத்தின் அமைப்பிலேயே இருந்தது. பல பிக்கப் வண்டிகளில் கைபிரேக் பின் சில்லுகள் இரண்டையும் நேரடியாகப் பிடிக்கும். பழைய லாண்ட் றோவர்களிலும் டிஃபென்டரிலும் அப்படியல்ல. அங்கே அது கியர்ப் பெட்டிக்குப் பின்னால் உள்ள சுழல் தண்டைப் பிடிக்கிறது. தண்டு சுற்றாது என்பது உண்மை. ஆனால் பின் சில்லுகளுக்கு நடுவே டிஃபரென்சியல் இருக்கிறது. ஒரு சில்லை அந்தரத்தில் தூக்கிவிட்டால், அது பின்னோக்கிச் சுற்ற, நிலத்தில் நிற்கும் மற்றச் சில்லு முன்னோக்கி உருளும். தண்டு அசையாமலேயே வாகனம் நகரும். கியரில் போட்டாலும் அதே கதைதான். கியரும் அந்தத் தண்டைத்தான் பிடிக்கிறது.

ஆகவே இவ்வகை வாகனங்களில் கைபிரேக்கை மட்டும் நம்பித் தூக்கக் கூடாது. நான்கு சில்லு இழுவையைப் போட்டால், டிஃபென்டரில் நடு டிஃபரென்சியலையும் பூட்டினால், முன் சில்லுகளும் சேர்ந்து பிடிக்கும். அதற்கு மேலாக, நிலத்தில் நிற்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் ஆப்புக் கட்டை வைக்க வேண்டும். இரண்டு ஆப்புக் கட்டைகளுக்கு ஒரு கொப்புப் போதும். அந்த இரண்டு கட்டைகள் அன்று எம்மிடம் இருக்கவில்லை.

தூக்கும் முறை

ஆட்கள் எல்லோரையும் இறக்கி விடுங்கள். ஆப்பு வையுங்கள். சில்லு நட்டுகளை நிலத்தில் நிற்கும்போதே ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பின் பலங்கொண்டு இழுத்தால் வாகனம் ஆடும். பலகை, பின்பு ஜக். சற்றுத் தூக்கியதும் நிறுத்தி, ஜக் நேராக நிற்கிறதா என்று இரு பக்கமிருந்தும் பாருங்கள்.

செசியில் தூக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வில்லுப்பட்டை விரிய விரியச் சில்லு கீழேயே தொங்கும். ஒரு சாண் தூக்கினாலும் சில்லு நிலத்தை விட்டு எழும்பாது. சிறிய ஜக்கின் உயரம் அதற்குள் முடிந்துவிடும். தூக்குமுன் அச்சைச் செசியுடன் சங்கிலியால் கட்டிவிட்டால், செசியோடு சில்லும் சேர்ந்து எழும்பும்.

துளைகள் நிறைந்த நீண்ட சட்டத்தில் படிப்படியாக ஏறும் உயர ஜக்கைச் சிலர் வாங்கி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இதற்குப் பண்ணை ஜக் என்றும் பெயர். இன்டியானா மாநிலத்தின் புளூம்ஃபீல்ட் என்ற ஊரில் 1905ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்டு வருகிறது. சேற்றுக்கு மிக உதவியானது. கவனமில்லாதவருக்கு மிகக் கொடியது. இறக்கும்போது அதன் நெம்புதடி பாரத்தின் பலத்தால் மேலே துள்ளும். தாடை எலும்பை உடைக்கப் போதிய பலம் அதற்கு உண்டு. முகத்தைத் தடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒருபோதும் கொண்டுபோக வேண்டாம். ஏற்றத்திலிருந்து இறக்கத்துக்கு மாற்றுமுன் தடியைச் சட்டத்தோடு நிமிர்த்தி வையுங்கள். துளைகளில் மண் அடைந்தால் ஊசிகள் சரியாக விழா. கழுவி எண்ணெய் போடுங்கள்.

ஜக் தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல. கீழே போக வேண்டுமானால் செசியின் கீழ் இரும்புத் தாங்கியோ, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய மரக் கட்டைகளோ இருக்க வேண்டும். சில்லு மாற்றும்போது மேலதிகச் சில்லையே செசியின் கீழ் கிடையாகப் போட்டுவிடுங்கள். ஜக் சரிந்தாலும் வாகனம் அதன்மேல்தான் விழும்.

ஜீப் இல்லாதவர்களுக்கு

எம் வாசகர்களில் அநேகரிடம் ஜீப் இல்லை. உழவு இயந்திரமும் பெட்டியும் உண்டு. நெல் மூடை ஏற்றிய பெட்டிக்கு வயல் நடுவில் காற்றுப் போனால் மண்வெட்டிப் பிடியையும் தென்னங் குற்றியையும் வைத்து நெம்பி, பத்துப் பேர் தோள் கொடுப்பதைப் பார்த்திருக்கிறோம். பெட்டியின் அடிச் சட்டத்தில் அச்சுக்கு அருகே, பக்கத்துக்கு ஒன்றாக, அடித் தகடும் வளையமும் ஒட்டினால் ஒருவர் ஒரு போத்தல் ஜக்கால் தூக்கலாம். பெட்டியை உழவு இயந்திரத்திலிருந்து கழற்றாமல், இரண்டுக்கும் ஆப்பு வைத்துத் தூக்குங்கள்; மூடைகளை முதலில் இறக்கினால் இன்னும் நல்லது. ஒரு கமக்காரர் சங்கத்துக்கு ஒரு ஜக், இரண்டு பலகை, நான்கு ஆப்பு, இரண்டு தாங்கி இருந்தால் ஊருக்கே போதும். அவை யார் வீட்டில் இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிப் பாருங்கள்.

2021 மார்கழியில் அதே வாய்க்கால் ஓரத்தில் மறுபடியும் புதைந்தோம். இம்முறை எம்மோடு அந்தத் தம்பியும் வந்திருந்தார். நாம் இறங்குமுன் அவர் இறங்கிவிட்டார். "எல்லாரும் இறங்குங்க. முதல்ல கட்டை" என்றார். ஆப்பை அவரே வைத்தார். பலகையைப் போட்டு, ஜக்கைக் கையின் கீழ் பொருத்தி, சில்லைத் தூக்கி, பள்ளத்தில் கல்லும் கொப்பும் நிரப்பி இறக்கினோம். இருபது நிமிடம் சென்றிருக்கும். உழவு இயந்திரம் தேடி யாரும் ஓடவில்லை.

சில்லு எழும்பியபோது நாம் எல்லோரும் அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கையை எடுத்து, இரண்டடி தள்ளி நின்றார்.